புலன்களை ஐயுறுதல்: கருவிவழிப் பறத்தலின் வரலாற்றில் 1954ஆம் ஆண்டு இல்லினாய் ஆய்வின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

மேகம், மூடுபனி, நிலவற்ற இரவு ஆகியவற்றால் வெளிக்காட்சியை எதிர்பாராமல் இழக்கும் விமானி, தம் உடலுணர்வை நம்பினால் விமானத்தின் கட்டுப்பாட்டை இழக்கிறார். இவ்வுண்மை 1926 அளவிலேயே ஆய்வால் நிறுவப்பட்டது. கருவிகளை மட்டும் கொண்டு புறப்பட்டுப் பறந்து தரையிறங்கலாம் என்பது 1929இல் மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் இவ்வகை விபத்துகள் தொடர்ந்தன. அதற்கான காரணத்தை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. கருவி, உடலியல் அறிவு, பயிற்சி, எளிய செயல்முறை என நான்கு படிகளில் இத்துறை வளர்ந்ததையும், நான்காம் படியாகிய 1954ஆம் ஆண்டு இல்லினாய்ப் பல்கலைக்கழக ஆய்வு அதன் அச்சமூட்டும் எண்ணுக்காக மட்டுமே நினைவுகூரப்பட்டு, அது கண்ட தீர்வுக்காக நினைவுகூரப்படாமல் போனதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கருவிவழிப் பறத்தல், இடவுணர்வு மயக்கம், உட்செவி, செயற்கை அடிவானம், இல்லினாய் ஆய்வு, விமானப் பயிற்சி வரலாறு.

1. முன்னுரை

விமானத்தை இயக்கும் முறைகள் இரண்டு. அடிவானத்தையும் தரையையும் கண்ணால் கண்டு இயக்குவது காட்சிவழிப் பறத்தல். விமானியறையில் உள்ள கருவிகளின் அளவீடுகளை மட்டும் கொண்டு இயக்குவது கருவிவழிப் பறத்தல். பின்னதற்குத் தனிப் பயிற்சியும் தனித் தகுதிச் சான்றும் தேவை. முன்னதற்கு மட்டுமே தகுதி பெற்ற விமானி மேகத்திற்குள் நுழைந்துவிடும் நிலையே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

விமான வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதனைக் கருவிகளின் கண்டுபிடிப்பு வரலாறாகவே எழுதியுள்ளன. திருப்பங்காட்டி வந்தது, செயற்கை அடிவானம் வந்தது, சிக்கல் தீர்ந்தது என்பது அவ்வரலாற்றின் போக்கு. ஆனால் கருவிகள் பொருத்தப்பட்ட விமானங்களே, பழுதற்ற இயந்திரங்களுடன், தொடர்ந்து வீழ்ந்தன. ஆகவே, கருவி இருந்தும் விமானி அதனைப் பின்பற்ற இயலாமற் போனது ஏன் என்ற வினாவை எழுப்புவது தேவையாகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டு நிகழ்வுகளை முதன்மையாகக் கொண்டும், இந்தியாவில் நிகழ்ந்த இரு விபத்துகளை ஒப்புநோக்கியும் இவ்வினாவுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

2. உட்செவி தரும் பொய்ச்சான்று

மனிதர் தம் உடலின் நிலையை மூன்று வழிகளில் உணர்கின்றனர். கண், தசைகளிலும் மூட்டுகளிலும் உணரப்படும் அழுத்தம், உட்செவி ஆகியவை அவை. உட்செவியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை சுழலும்போது குழலின் சுவர் உடனே நகர, உள்ளிருக்கும் நீர்மம் பின்தங்குகிறது. அவ்வேறுபாட்டையே மூளை சுழற்சி என உணர்கிறது. எர்ன்ஸ்ட் மாக் உள்ளிட்ட அறிஞர்கள் 1870களிலேயே இவ்வுறுப்பின் செயற்பாட்டை விளக்கினர். இத்துறை ஆய்வுக்காக ராபர்ட் பாரானி 1914ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

இவ்வுறுப்புக்கு இரண்டு குறைகள் உள்ளன. சுழற்சி மிக மெதுவாகத் தொடங்கினால் அது உணரப்படுவதே இல்லை. சுழற்சி ஒரே வேகத்தில் நீடித்தால், ஏறத்தாழ 20 விநாடிகளில் நீர்மம் குழலின் வேகத்தை எட்டிவிட, சுழற்சி நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது. அதன்பின் சுழற்சி உண்மையிலேயே நிற்கும்போது, எதிர்த்திசையில் சுழல்வதாக உணர்வு எழுகிறது. தரையில் வாழும் உயிருக்கு இக்குறைகளால் பெரும் தீங்கில்லை. கண் உடனுக்குடன் பிழையைத் திருத்திவிடுகிறது. கண்ணுக்கு வெளியுலகம் மறைந்தவுடன் திருத்துவார் எவருமில்லை.

மேகத்திற்குள் விமானத்தின் ஒரு சிறகு மெல்லத் தாழ்கிறது என்று கொள்வோம். விமானி அதனை உணர்வதில்லை. சீரான திருப்பத்தில் உடலை அழுத்தும் விசை இருக்கைக்கு நேராகவே அமைவதால், நிமிர்ந்து அமர்ந்திருப்பதாகவே அவருக்குத் தோன்றுகிறது. சாய்ந்த சிறகுகளின் தூக்குவிசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் செலவாவதால் மூக்கு தாழ்ந்து, வேகம் கூடி, உயரம் குறைகிறது. உயரமானியைக் கண்ட விமானி, மூக்கை உயர்த்தக் கட்டுப்பாட்டுச் சக்கரத்தைத் தம்மை நோக்கி இழுக்கிறார். சாய்வு திருத்தப்படாத நிலையில் அச்செயல் திருப்பத்தை மேலும் இறுக்குகிறது. வேகமும் விசையும் ஏறிக்கொண்டே சென்று, சிறகு முறிதலிலோ தரையில் மோதுதலிலோ முடிகின்றன. விமானத் துறையினர் இதனை இடுகாட்டுச் சுருள் என்ற பொருள்படும் பெயரால் குறிப்பர். உயிர் காக்கும் என்று இயல்பாகத் தோன்றும் செயலே இங்கு உயிரைப் பறிக்கிறது.

3. ஆக்கரும் சுழல்நாற்காலியும்

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரான எல்மர் ஸ்பெர்ரி, ஜைரோஸ்கோப் என்னும் சுழற்கருவியை அடிப்படையாகக் கொண்டு திருப்பங்காட்டியை உருவாக்கினார். விமானம் எத்திசையில் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை ஓர் ஊசியால் அது காட்டியது. அமெரிக்கத் தரைப்படையின் விமானியான வில்லியம் ஆக்கர் 1918இல் அதனைச் சோதித்தார். கருவி காட்டியதும் தம் உடல் உணர்த்தியதும் முரண்பட்டதை அவர் கண்டார். இரண்டில் எது பிழை என்பதை அப்போது உறுதிசெய்ய அவரிடம் சான்று இல்லை.

அச்சான்று 1926இல் சான் பிரான்சிஸ்கோவின் கிரிசி விமானத்தளத்தில் கிடைத்தது. படை மருத்துவரான டேவிட் மையர்ஸ், கண்களை மூடிய நிலையில் ஆக்கரைப் பாரானி நாற்காலியில் அமர்த்திச் சுழற்றினார். நாற்காலி சுழன்றுகொண்டிருக்கையில் அது நின்றுவிட்டதாகவும், நிற்கத் தொடங்கியபோது எதிர்த்திசையில் சுழல்வதாகவும் ஆக்கர் உணர்ந்தார். பின்னர் திருப்பங்காட்டியும் சிறு விளக்கும் பொருத்திய ஒரு பெட்டியைச் செய்து, அதற்குள் நோக்கியபடியே நாற்காலியில் அமர்ந்தார். இம்முறை அவர் கூறிய விடைகள் சரியாக இருந்தன.

அக்காலத்தில் தேர்ந்த விமானிக்குப் பறவையைப் போன்ற உள்ளுணர்வு உண்டு என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. இருக்கையில் அமர்ந்தே விமானத்தின் நிலையை அறிவது திறமையின் அடையாளமாக மதிக்கப்பட்டது. அந்த ஆற்றல் எவருக்கும் இல்லை என்பதை நாற்காலி காட்டிவிட்டது. ஆக்கரும் அவருடைய உடனுழைப்பாளரான கார்ல் கிரேனும் புறாக்களின் கண்களை மறைத்துப் பறக்கவிட்டுப் பார்த்தபோது, பறவைகளும் கண்ணின்றிப் பறக்க இயலாமல், சிறகுகளை விரித்தபடி கீழிறங்கின. அவ்விருவரும் 1932இல் வெளியிட்ட நூல், குருட்டுப் பறத்தலின் கோட்பாட்டையும் நடைமுறையையும் முறைப்படி விளக்கிய முன்னோடி நூலாகும்.

4. டூலிட்டிலின் பறப்பு

உடலுணர்வை நம்ப இயலாது எனில் அதனிடத்தில் எதனை வைப்பது என்ற வினாவுக்குக் குகன்ஹைம் அறநிதியத்தின் ஆய்வுத்திட்டம் விடையளித்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வானூர்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்ற படை விமானி ஜேம்ஸ் டூலிட்டில் அத்திட்டத்தின் பறப்புச் சோதனைகளை நடத்தினார். ஸ்பெர்ரி நிறுவனம் செயற்கை அடிவானத்தையும் திசைச் சுழற்காட்டியையும் அளித்தது. பால் கோல்ஸ்மன் தம் நுண்ணுயரமானியை அளித்தார். முந்தைய உயரமானிகளால் சிறு உயர வேறுபாடுகளைத் தெளிவாகக் காட்ட இயலவில்லை. கோல்ஸ்மனின் கருவி சில அடி வேறுபாட்டையும் காட்டியது. வானொலி அலைக்கற்றைகள் ஓடுதளத்தின் திசையை உணர்த்தின.

1929 செப்டம்பர் 24 அன்று, நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் அமைந்த மிட்செல் விமானத்தளத்தில், மூடப்பட்ட பின்னிருக்கையில் அமர்ந்து டூலிட்டில் புறப்பட்டு, வட்டமிட்டு, மீண்டும் தரையிறங்கினார். முன்னிருக்கையில் பெஞ்சமின் கெல்சி பாதுகாப்புக்காக அமர்ந்திருந்தார். ஏறத்தாழ 15 நிமிடம் நீடித்த இப்பறப்பு, புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை கருவிகளை மட்டுமே கொண்டு நிகழ்ந்த முதற் பறப்பாகப் போற்றப்படுகிறது. பாதுகாப்பு விமானி எவருமின்றித் தனியொருவராகக் கருவிவழியே பறந்து தரையிறங்கிய பெருமை 1932 மே மாதத்தில் ஆல்பர்ட் ஹெகன்பெர்கருக்குக் கிட்டியது.

டூலிட்டிலின் வெற்றி இரண்டு கூறுகளைக் கொண்டது. ஒன்று, கருவித் தொகுதி. மற்றொன்று, அத்தொகுதியைக் கொண்டு அவர் மேற்கொண்ட நெடும் பயிற்சி. செய்தித்தாள்கள் முதற்கூற்றைக் கொண்டாடின. இரண்டாம் கூற்றின் இன்றியமையாமை ஐந்தாண்டுகளுக்குப் பின்னரே, உயிரிழப்புகளால் உணரப்பட்டது.

5. 1934: கருவி இருந்தும் பயிற்சி இல்லை

1934 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், தனியார் நிறுவனங்களுடனான வான் அஞ்சல் ஒப்பந்தங்களை விலக்கி, அப்பணியைத் தரைப்படையின் வான்பிரிவிடம் ஒப்படைத்தார். கடுங்குளிர்காலத்தில், இரவிலும் பனிப்புயலிலும், திறந்த விமானியறை கொண்ட விமானங்களில் படை விமானிகள் பறக்க நேர்ந்தது. பல விமானங்களில் உரிய கருவிகள் இல்லை. இருந்தவற்றையும் நம்பிப் பறக்கும் பழக்கம் விமானிகளுக்கு இல்லை. சில மாதங்களுக்குள் பன்னிரண்டுக்குக் குறையாத விமானிகள் உயிரிழந்தனர்.

இதில் கருதத்தக்க முரண் ஒன்றுண்டு. ஆக்கரும் கிரேனும் டூலிட்டிலும் இதே படையைச் சார்ந்தவர்கள். அறிவு அந்நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. அது சில வல்லுநர்களின் உடைமையாக இருந்ததேயன்றி, எளிய விமானியின் கைப்பழக்கமாக மாறவில்லை. இவ்விழப்புகளை ஆராய்ந்த பேக்கர் குழு கருவிவழிப் பறத்தல் பயிற்சியை மிகுவிக்கப் பரிந்துரைத்தது.

அவ்வாண்டிலேயே படை, எட்வின் லிங்க் உருவாக்கிய தரைப்பயிற்சிப் பொறிகள் ஆறினை வாங்கியது. லிங்கின் தந்தையார் பிங்காம்டன் நகரில் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்தி வந்தார். தேவாலய ஆர்கன் இசைப்பெட்டிகளுக்குரிய காற்றுத்துருத்திகளைக் கொண்டே லிங்க் அப்பொறியை அசையச் செய்தார். மூடிய பெட்டிக்குள் அமர்ந்த மாணவர், உயிரிடர் இன்றிக் கருவிகளைக் கண்டு இயக்கப் பழகினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நேசநாடுகளின் விமானிகள் பெருந்திரளாக இப்பொறியில் பயின்றனர்.

6. 1954: இல்லினாய்ப் பல்கலைக்கழக ஆய்வு

போருக்குப் பின் அமெரிக்காவில் தனியார் சிறு விமானங்கள் பெருகின. வணிகர், மருத்துவர், உழவர் எனப் பலரும் வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ பறந்தனர். படை விமானியைப் போலக் கருவிவழித் தகுதி பெற அவர்களுக்குப் பொழுதும் பொருளும் போதவில்லை. அவர்கள் மேகத்திற்குள் நுழைந்துவிட்டால், உயிருடன் மீள மிகக் குறைந்த அளவு எதனைக் கற்றிருக்க வேண்டும்? இவ்வினாவை, விமான உடைமையாளர்கள், விமானிகள் சங்கத்தின் அறநிதி ஆதரவுடன், இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் வானூர்தியியல் நிறுவனம் ஆராய்ந்தது. லெஸ்லி பிரையன், ஜெஸ்ஸி ஸ்டோன்சைஃபர், கார்ல் ஆரன் ஆகியோரின் அறிக்கை 1954இல் வெளிவந்தது. 180 பாகைத் திருப்ப ஆய்வு என்பது அதன் பெயர்.

கருவிவழிப் பறத்தலில் பழக்கமற்ற 20 பேர், பீச்கிராஃப்ட் பொனான்சா வகை விமானத்தில், வெளிக்காட்சி மறைக்கப்பட்ட நிலையில் சோதிக்கப்பட்டனர். உடன் பயிற்றுநர் இருந்தார். முதற் சோதனையில் இருபதின்மரும் இடர்நிலைக்குச் சென்றனர். அவர்களுள் 19 பேர் சுருள்வீழ்ச்சியிலும், ஒருவர் மூக்கு அளவுமீறி உயர்ந்து தூக்குவிசை இழக்கும் நிலையிலும் முடிந்தனர். இடர்நிலை தோன்ற ஆன நேரம் குறைந்த அளவு 20 விநாடி, மிகுந்த அளவு 480 விநாடி, சராசரி 178 விநாடி.

ஆய்வு இத்துடன் முடியவில்லை. இது அதன் தொடக்கமே. அடுத்து, அவர்களுக்கு ஓர் எளிய செயல்முறை கற்பிக்கப்பட்டது. அதன் சாரம் வருமாறு: முதலில் கட்டுப்பாட்டுச் சக்கரத்திலிருந்து கைகளை எடுத்துவிட வேண்டும். தரையிறங்கு சக்கரங்களை இறக்கி, காற்றுத் தடையை மிகுவித்து, வேகம் ஏறாமல் தடுக்க வேண்டும். இயந்திர விசையைக் குறைத்து, விமானம் தானாகவே மெதுவான வேகத்தில் நிலைகொள்ளுமாறு சீர்செய்ய வேண்டும். அதன்பின் திருப்பங்காட்டியின் ஊசியை நோக்கியபடி, காலால் சுக்கானை மட்டும் இயக்கி, கடிகாரத்தைக் கொண்டு அளந்து, வந்த திசைக்கே திரும்ப வேண்டும். தேவைப்படின், அதே நிலையில் மேகத்திற்குக் கீழே மெல்ல இறங்க வேண்டும்.

பயிற்சிக்குப் பின் 60 சோதனைப் பறப்புகள் நிகழ்ந்தன. அவற்றுள் 59 வெற்றி பெற்றன.

இச்செயல்முறையின் நுட்பம் அதன் முதற்படியில் உள்ளது. அஞ்சிய மனிதரின் கை, பொய்யுணர்வின் ஏவலுக்கு உடனே பணிகிறது. பொனான்சா போன்ற விமானத்துக்கோ, குறைந்த வேகத்தில், தலையீடின்றி நிலைகொள்ளும் இயல்பு உண்டு. விமானியின் கையை விலக்கி விமானத்தின் இயற்கை நிலைப்பாட்டைத் துணைக்கொண்டதே இல்லினாய் ஆய்வாளர்களின் பங்களிப்பாகும். ஆக்கர் புலனை ஐயுறக் கற்பித்தார் எனில், இவர்கள் புலனுக்குப் பணியும் கையையும் ஐயுறக் கற்பித்தனர் எனலாம்.

7. எண் நிலைத்தது, முறை மறைந்தது

பிற்காலப் பாதுகாப்பு இலக்கியத்தில் இவ்வாய்வு பெரிதும் மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் காட்டப்பட்டது பெரும்பாலும் 178 என்ற எண் மட்டுமே. மேகத்தில் நுழைந்த விமானிக்கு உயிர்வாழ எஞ்சியிருப்பது 178 விநாடிகள் என்று பொருள்படும் தலைப்பில் அமைந்த எச்சரிக்கைக் கட்டுரை பல நாடுகளின் விமானிகளிடையே பரவியது.

மூல ஆய்வுடன் ஒப்பிடுகையில் இவ்வழக்கில் மூன்று திரிபுகள் புலப்படுகின்றன. முதலாவதாக, 178 என்பது இறப்புக்கான நேரமன்று. பயிற்றுநர் தலையிட வேண்டிய இடர்நிலை தோன்றும் வரையிலான நேரமே அது. இரண்டாவதாக, அது 20 பேரின் சராசரி. 20 விநாடிக்கும் 480 விநாடிக்கும் இடைப்பட்ட பெரும் வேறுபாட்டை அது மறைக்கிறது. 178 விநாடி வரை அவகாசம் உண்டு என ஒருவர் எண்ணிவிட்டால் அவ்வெண்ணே இடராகும். மூன்றாவதாக, பயிற்சிக்கு முந்தைய அளவீடு எடுத்துக்கொள்ளப்பட்டு, பயிற்சிக்குப் பிந்தைய 60க்கு 59 என்ற முடிவு கைவிடப்பட்டது. மீட்சி இயலும் என்று காட்டிய ஆய்வு, மீட்சியே இல்லை என்பதற்குச் சான்றாகிவிட்டது.

இத்திரிபு தற்செயலானது அன்று. மேகத்துக்குள் செல்லவே கூடாது என்று விமானிகளைத் தடுக்க அச்சம் பயன்பட்டது. மீளும் வழியைக் கற்பித்தால் விமானி துணிந்து நுழைவார் என்ற தயக்கம் பயிற்றுநர்களுக்கு எழுவதும் இயல்பே. எனினும், அறியாமலேயே மேகத்தில் சிக்கியவருக்கு அச்சத்தால் பயனில்லை. விதிகள் ஓரளவு இதனை ஏற்றன. அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெறுவோர் இன்று 3 மணி நேரமேனும் கருவிவழிப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும்.

ஆய்வறிக்கை வெளிவந்த ஐந்தாம் ஆண்டில், 1959 பிப்ரவரி 3 அன்று, அயோவா மாநிலத்தில் இசைக்கலைஞர் பட்டி ஹாலி சென்ற சிறு விமானம் புறப்பட்ட சில நிமிடங்களில் வீழ்ந்தது. அதுவும் பொனான்சா வகையே. விமானி கருவிவழித் தகுதி பெறாதவர். அவ்விமானத்தின் நிலைகாட்டி, அவர் பழகிய கருவிக்கு எதிர்மாறான முறையில் மூக்கின் ஏற்ற இறக்கத்தைக் காட்டியதையும் விசாரணை அறிக்கை சுட்டியது. கருவியைப் பார்ப்பது வேறு, பழகிய கருவியைப் பார்ப்பது வேறு என்பதற்கு இது சான்று.

8. முறையின் எல்லைகள்: இரு இந்திய நிகழ்வுகள்

இல்லினாய் முறை இரண்டு கருதுகோள்களின்மேல் நிற்கிறது. கருவி உண்மை கூறும் என்பது ஒன்று. திரும்புவதற்கு இடம் உண்டு என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொய்த்த நிகழ்வுகள் இந்தியாவில் பதிவாகியுள்ளன.

1978 ஜனவரி 1 அன்று இரவு, மும்பையிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 747 விமானமான எம்பரர் அசோகா, இரு நிமிடங்களுக்குள் பாந்த்ரா கடற்கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 213 பேரும் உயிரிழந்தனர். தலைமை விமானியின் நிலைகாட்டி, விமானம் வலப்புறத் திருப்பத்திலிருந்து நிமிர்ந்த பின்னும் வலச்சாய்வையே காட்டியது. அதனைத் திருத்த அவர் இடப்புறம் சாய்த்தார். கருங்கடலின்மேல் இரவில் அடிவானம் தெரியவில்லை. பழுதுற்ற கருவியைப் பிற கருவிகளோடு ஒப்பிட்டு இனங்காண்பதற்குள் மீட்சிக்கான உயரம் கடந்துவிட்டது. ஒரு கருவியை மட்டும் நம்புவது, புலனை நம்புவதற்கு நிகரான இடராகலாம் என்பதையும், கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பழக்கமே கருவிவழிப் பறத்தலின் உயிர்நாடி என்பதையும் இந்நிகழ்வு உணர்த்துகிறது.

2021 டிசம்பர் 8 அன்று, சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற இந்திய வான்படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே மலைச்சரிவில் மோதியது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட, அதில் சென்ற 14 பேரும் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்திற்குள் நுழைந்ததும், அதனால் விமானிக்கு இடவுணர்வு மயக்கம் ஏற்பட்டதும் விபத்துக்கு வழிவகுத்ததாக முப்படை விசாரணை நீதிமன்றத்தின் முதற்கட்ட முடிவு 2022 ஜனவரியில் தெரிவித்தது. சமவெளியில் 180 பாகை திரும்புவதற்குரிய அகலமும் நேரமும் உண்டு. நீலகிரி போன்ற மலைத்தொடரின் பள்ளத்தாக்கில் அவை இல்லாமற் போகலாம். அத்தகைய நிலப்பரப்பில், காட்சி மறைந்த பின் மேற்கொள்ளும் செயலைவிட, மறைவதற்கு முன் திரும்பும் முடிவே முதன்மை பெறுகிறது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. வெளிக்காட்சியை இழந்த விமானியைக் காக்கும் அறிவு ஒரே கண்டுபிடிப்பாகப் பிறக்கவில்லை. 1918 முதல் 1954 வரையிலான காலத்தில் கருவி, உடலியல் விளக்கம், முறைப்பட்ட பயிற்சி, எளிய செயல்முறை எனப் படிப்படியாக அது அமைந்தது. ஒவ்வொரு படியும், முந்தைய படி மட்டும் போதாது என்பதை உயிரிழப்புகள் காட்டிய பின்னரே எடுத்துவைக்கப்பட்டது. 1934ஆம் ஆண்டு நிகழ்வு, அறிவு ஒரு நிறுவனத்தில் இருப்பதும் அந்நிறுவனத்தார் அனைவரின் கைப்பழக்கமாக இருப்பதும் வெவ்வேறானவை எனக் காட்டுகிறது.

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர்க்கு இல்லினாய் ஆய்வின் மேற்கோள் வரலாறு தனிக் கவனத்துக்குரியது. ஓர் ஆய்வின் இடைநிலை அளவீடு அதன் இறுதி முடிவை மறைத்து நிற்கக்கூடும் என்பதையும், மறுமேற்கோள்களைக் கடந்து மூல அறிக்கையின் நோக்கத்தை மீட்டெடுப்பது இன்றியமையாதது என்பதையும் அது உணர்த்துகிறது. 178 என்ற எண் விமானியை எச்சரிக்கும். மேகத்துக்குள் சிக்கிய பின் அவருக்கு உதவுவது, கையை எடுத்து, வேகத்தைக் குறைத்து, ஊசியை நோக்கித் திரும்பிய அந்த 59 பறப்புகளின் பாடமே.